ஒரு 'ல்ல'வுக்குள் எத்தனை கணக்கு!

ராயப்பன்பட்டி சண்முகாநதி அணையை நம்பி வயல் வைத்திருப்பவர்கள் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி சொல்வார்கள். "தண்ணி தெறந்துட்டாகல்ல?" "மழ பெஞ்சிருந்தா அணை நெறஞ்சிருக்கும்." இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுமாறும்.

முதலில் அந்த 'ல்ல'. வந்தாகல்ல, போவேல்ல, பெய்யும்ல என்று எந்த வினையோடும் ஒட்டிக்கொள்ளும். ஆளும் காலமும் மாறினாலும் அது மாறாது. ஆங்கிலத்தின் ஒட்டு வினா, அதாவது பள்ளியில் படித்த 'கொஸ்டின் டேக்', ஒவ்வொரு முறையும் புதிதாகத் தைக்கும் சட்டை. 'த டேம் இஸ் ஃபுல்' என்றால் 'இஸின்ட் இட்?'. துணைவினையை எடுத்து, உடன்பாட்டை எதிர்மறையாகத் திருப்பி, அணைக்குப் பதிலாக 'இட்' போட வேண்டும். 'த ரெயின் ஸ்டாப்ட்' வாக்கியத்தில் துணைவினையே இல்லை. அங்கே 'டிடின்ட் இட்?' என்று எங்கிருந்தோ ஒரு 'டிட்' வந்து நிற்கும். 'நோபடி கேம்' இன்னும் விசித்திரம். எதிர்மறை உள்ளேயே ஒளிந்திருப்பதால் ஒட்டு உடன்பாடாகி, ஒருமை பன்மையாகி, 'டிட் தே?' என்று முடியும். கடைசியில் குரல் ஏறினால் உண்மையான கேள்வி. இறங்கினால் ஆமாம் போடச் சொல்வது. இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்துவிடுகிறது!

எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்?' போடுகிறோம் என்று நம்மைக் கேலி செய்வோர் உண்டு. பிரெஞ்சுக்காரர்களும் ஒரே 'நெஸ் பா'வை எங்கும் ஒட்டுகிறார்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை.

இனி அந்த 'பெஞ்சிருந்தா'. நாளைக்குப் 'பெய்தால்' என்கிறோம். நாளை எதிர்காலம், 'பெய்த்' இறந்தகால வடிவம்! 'செய்தால்' என்ற பொருளில் தொல்காப்பியம் சொல்லும் 'செயின்' வடிவத்தில் இந்த இறந்தகாலச் சாயல் இல்லை. பின்னால் வந்து சேர்ந்தது. நடக்காததைக் கற்பனை செய்ய ஆங்கிலமும் இறந்தகாலத்தையே பிடிக்கிறது: 'இஃப் இட் ரெயின்ட் டுமாரோ'. உறவில்லாத இரு மொழிகளுக்கு ஒரே யோசனை.

ஆனால் நடக்காமல் போனதைச் சொல்லும்போது பாதை பிரிகிறது. பெய்திருந்தால், நிரம்பியிருக்கும்: தமிழில் 'இரு' இரண்டு பாதியிலும் உண்டு. அந்தப் பழக்கத்தில் 'இஃப் இட் வுட் ஹேவ் ரெயின்ட்' என்று தொடங்கிவிடுகிறோம். ஆங்கில இலக்கணம் 'வுட் ஹேவ்'வை அணை நிரம்பும் பாதிக்கு மட்டும் தருகிறது; மழைக்கு 'ஹேட் ரெயின்ட்' போதும்.