வானத்துத் தந்தி

பூதலூர் வயல் வரப்பில் நின்றால், காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் திருச்சியில் இறங்கப்போகும் விமானத்தைப் பார்க்கலாம். திருச்சி ஓடுதளத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிற ஊர் இது. மேற்கு நோக்கி இறங்கும் முனைக்கு 27 என்று பெயர். 270 பாகை என்பதில் கடைசிச் சுழியை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

புறப்படுமுன் விமானி படித்தாக வேண்டிய அறிவிப்பு 'நோட்டாம்'. நாம் நோட்டம் விடுவதற்கும் இதற்கும் உறவில்லை, பொருத்தம் மட்டும் உண்டு. எந்த ஓடுதளம் மூடியிருக்கிறது, எங்கே கிரேன் நிற்கிறது என்பதெல்லாம் அதில் வரும். எல்லாம் சுருக்கக் குறியீடுகளில்தான் இருக்கும், டெலிபிரிண்டர் காலத்து வழக்கம். தந்தியில் சொல்லுக்குக் காசு என்று 'உடனே வா'வோடு நிறுத்திக்கொண்ட தலைமுறைக்கு இது புதிதல்ல.

'வி.ஓ.டி.ஆர்.' என்றால் திருச்சி. முதல் இரண்டு எழுத்து தென்னிந்தியாவைக் குறிக்கும். கடைசி எழுத்து 'ஜே' ஆனால் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் சுகோய் அணி வந்திறங்கிய இடம். 'ஆர்.டபிள்யூ.ஒய்.' என்பது ரன்வே, 'சி.எல்.எஸ்.டி.' என்றால் மூடல். இரண்டிலும் உயிரெழுத்துகளை உதிர்த்திருக்கிறார்கள். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் பழகிய கண் படித்ததுபோல இதையும் படிக்கலாம். 'யு/எஸ்' மட்டும் ஏமாற்றும். அமெரிக்கா அல்ல, 'வேலை செய்யவில்லை'.

டெலிபிரிண்டர் போய்விட்டது, சிக்கனம் போகவில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற பாதையை ஓடுதளம் என்று எண்ணி இறங்கப் பார்த்தது. பக்கத்து ஓடுதளம் மூடியிருந்த சேதி நோட்டாமில் இருந்தது. கட்டுக்கட்டான தாள்களுக்குள் புதைந்து கிடந்தது. கடைசி நொடியில் மேலே ஏறித் தப்பினார்கள்.

நேரம் இன்னொரு பொறி. எல்லாம் உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஒரு நோட்டாமில் '2501142030' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருக்கும். படிக்க 2025 பொங்கலன்று இரவு எட்டரை. பூதலூர்க் கடிகாரத்திலோ மாட்டுப்பொங்கல் பிறந்து இரண்டு மணி. தொழுவத்தில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.