முளைவிடும் பார்லிக்குள் புரதம் எப்படி உடைகிறது?

பார்லி மணியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் முக்கியமானது ஹோர்டீன் என்னும் சேமிப்புப் புரதம். அது தண்ணீரில் கரையாது. சேமித்து வைக்க அது வசதிதான். முளைக்கோ அதுவே தொல்லை. மண்ணிலிருந்து வேர் நைட்ரஜனை எடுக்கத் தொடங்கும்வரை இந்தக் கையிருப்பை உடைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

உடைப்பது யார்? மணி முற்றும்போதே, ஹோர்டீன் இருக்கும் மாவுப்பகுதியின் செல்கள் இறந்துவிடுகின்றன. அதைச் சுற்றியுள்ள அலுரோன் என்ற மெல்லிய அடுக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. மணி நீரில் ஊறியதும் கரு ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அனுப்பி அலுரோனை எழுப்புகிறது. (1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பாலெக்கும் தனித்தனியே இதைக் காட்டினார்கள்.) அலுரோன் முதலில் தன் சொந்தப் புரதத்தையே கரைத்து, கிடைத்த அமினோ அமிலங்களால் புதிய நொதிகளைச் செய்கிறது. பாத்திரத்தை உருக்கிக் கோடரி அடிப்பதுபோலத்தான்!

அடுத்து, மாவுப்பகுதி அமிலத்தன்மை கொள்கிறது. பிஹெச் 5 அளவில் நன்றாக வேலைசெய்யும் சிஸ்டீன் புரோட்டியேஸ்கள் என்ற நொதிகள் ஹோர்டீனை நடுநடுவே வெட்டுகின்றன. கார்பாக்சிபெப்டிடேஸ்கள் என்ற வேறு நொதிகள் துண்டுகளின் நுனியிலிருந்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கழற்றுகின்றன. ஆனால் எல்லாம் தனித்தனியாகும்வரை கரு காத்திருப்பதில்லை. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டுகளை அதன் ஸ்குடெல்லம் என்ற பகுதி அப்படியே உறிஞ்சி, உள்ளே வைத்து உடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

பீருக்கு மால்ட் தயாரிப்பவர்கள் சூடான காற்றால் முளைவிட்ட பார்லியை உலர்த்தி இந்த வேலையை இடையில் நிறுத்துகிறார்கள். புரதம் உடைவது குறைந்தால் பீர் ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் உணவு போதாது. மிகுந்தால் பீரின் நுரை நிற்காது.