உங்களுக்குத் தெரியுமா? பல் கட்டியதும் திரும்பிய ட்ரம்பெட்!

பல் போய், வாசிப்பதையே விட்டுவிட்ட ஒரு ட்ரம்பெட் கலைஞரின் முதல் இசைத்தட்டே, அவர் பல் செட் கட்டிக்கொண்ட பிறகுதான் வந்தது. அவர் பங்க் ஜான்சன். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ்காரர்.

• சிறுவயதில் ட்ரம்பெட் போன்ற கார்னெட் பழகியவர். 1931இல் லூசியானாவின் ரெய்ன் ஊரில், நடன நிகழ்ச்சி நடுவே அடிதடி. பேண்ட் தலைவர் இவான் தாமஸ் கொல்லப்பட்டார். ஜான்சனின் ட்ரம்பெட்டும் நாசமானது. பின்னர் பல்லும் போயிற்று.

• ஊதுவதற்குப் பல் எதற்கு? ட்ரம்பெட்டின் நாதம் உதட்டின் அதிர்வில் பிறக்கிறது. பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வோடு ஒத்ததிர்ந்து ஒலியாகிறது. மவுத்பீஸ் அழுத்தும்போது உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பவை முன்பற்கள்.

• பல் போன ஜான்சன், லூசியானாவின் நியூ ஐபீரியாவில் லாரி ஓட்டியும் வயல்வேலை பார்த்தும் பிழைத்தார். 1930களின் இறுதியில் ஜாஸ் வரலாறு எழுத வந்தவர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள். பல் செட் செய்து கொடுத்தவர் லெனார்டு பெஷே. கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன், பல் மருத்துவர். (குடும்பமே ஜாஸுக்கு உழைத்திருக்கிறது!)

• 1942இல் முதல் பதிவு. 1945இல் நியூயார்க் மேடை. 1949இல் மறைவு.

• ஜான்சனைப் போலத் தாமதமாகக் கருவியை எடுப்பவர்களுக்கும் இடமுண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ராய் எர்ன்ஸ்ட் என்பவர் 1991இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஒரு பேண்ட் தொடங்கினார்: நியூ ஹொரைசன்ஸ்.

பள்ளி பேண்டில் நீங்கள் ஊதிய ட்ரம்பெட் பரணில் கிடக்கிறதா? இறக்கினால் முதலில் வால்வுக்கு எண்ணெய் விடுங்கள். இறுகிப்போன குழாயைக் குறடு போட்டு இழுத்துவிடாதீர்கள்.