கடை திறந்திருக்கிறது, முகவரிதான் கிடைக்கவில்லை

மாதம் பிறந்து 20ஆம் தேதி நெருங்கினாலே நம் வணிகர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. 3பி படிவம் தாக்கல் செய்வோர் அன்றைக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி நின்றால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. அப்படியொரு 20ஆம் தேதி மாலையில்தான் அஸ்தினாபுரத்து மளிகைக் கடை உறுப்பினர் ஒருவர் நம்மைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, செல்போன்ல எல்லாம் ஓடுது. கடைக் கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு பக்கமும் தொறக்க மாட்டேங்குது. லைன்காரங்க எங்க பக்கம் சரியா இருக்குங்கறாங்க" என்றார். குரலில் அழுகை ஒன்றுதான் பாக்கி.

போய்ப் பார்த்தோம். அவர் கணினியில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதிதாக ஒன்று வாங்க முப்பது, நாற்பதாயிரம் போடுவதற்குப் பதில் காசில்லாத லினக்சுக்கு மாறிய கடைகள் நம் வட்டாரத்தில் உண்டு. நமக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக் நிறுவனம். அந்த முயற்சிக்குப் பின்னணியாக இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்துக்கும் பங்குண்டு. ஆகவே லினக்ஸ் என்றதும் கையை உதறிவிட்டு எழுந்து போகிற சர்வீஸ்காரர்களின் பேச்சை வணிகர்கள் முழுதாக நம்ப வேண்டியதில்லை.

கோளாறு எங்கே என்று சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை. 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறி மண்டிகள் கோயம்பேட்டுக்கு மாறின. மண்டிக்காரர் அதேதான், பெயரும் அதேதான், கதவிலக்கம் மட்டும் வேறு. பழைய முகவரியையே குறித்து வைத்திருந்தவர் சாவடிக்குப் போனால் என்ன கிடைக்கும்? இணையத்திலும் இதே நிலைதான். நாம் தட்டுவது பெயரை. கணினி போய்ச் சேர வேண்டியதோ ஓர் எண்ணுக்கு. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகத்துக்கு டி.என்.எஸ். என்று பெயர். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் கணினி, பெயர்ச் சேவையகம். தொடக்க காலத்தில் இணைப்பில் இருந்த கணினிகள் அத்தனையின் பெயர்களையும் ஒரே கோப்பில் எழுதி அமெரிக்காவில் ஓரிடத்தில் பராமரித்தார்கள். பட்டியல் பெருத்துச் சமாளிக்க முடியாமல் போகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பொறுப்பைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறையை வகுத்தார். இன்றுவரை ஓடுவது அதுதான்.

அஸ்தினாபுரம் கடைக்கு வருவோம். கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' என்ற கட்டளையுடன் 1.1.1.1 என்ற எண்ணைக் கொடுத்தோம். மளமளவென்று பதில் வந்தது. ஆக, சாலை சரி. லைன்காரர் சொன்னது பொய்யல்ல. அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தோம். 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று வந்து நின்றது. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் முகவரிப் புத்தகத்தில்தான் கோளாறு. இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் மட்டும் லைன்காரரோடு சண்டை போடலாம். இன்னொரு தடயமும் இருந்தது. செல்போனும் அதே வைஃபையில்தான் இருந்தது, அதில் எல்லாம் திறந்தது. எனவே கோளாறு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்த வாரத்தில் சர்வீஸ் தம்பி இரண்டு முறை வந்து சரிசெய்துவிட்டுப் போனாராம். இரண்டு முறையும் மறுநாள் காலை கணினியைப் போட்டதும் பழைய கதைதான். அவர் செய்ததைக் கேட்டோம். 'ஈ.டி.சி.' என்ற அடைவில் 'ரிசால்வ்.கான்ஃப்' என்றொரு கோப்பு உண்டு. 'நேம்சர்வர்' என்ற சொல்லை எழுதி அதன் பக்கத்தில் எண்ணைக் குறிப்பது அதில்தான். தம்பி அதைத் திறந்து எண்ணை மாற்றியிருக்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது சரியான வைத்தியம். இன்றைய லினக்சில் 'நெட்வொர்க் மேனேஜர்', 'சிஸ்டம்டி ரிசால்வ்டு' போன்ற நிரல்கள் அந்தக் கோப்பைத் தாமே எழுதுகின்றன. நாம் கையால் எழுதியதை, அடுத்த முறை இணைப்பு ஏறும்போது அழித்துவிட்டுத் தம்மிடமுள்ள எண்ணை எழுதிவிடும். பேரேட்டைத் திருத்தாமல் சிட்டையை மட்டும் திருத்துவது போலத்தான் இது.

பேரேடு எங்கே? நெட்வொர்க் அமைப்புகளுக்குள் போய், அந்த இணைப்பின் 'ஐ.பி.வி.4' பக்கத்தைத் திறந்தால் டி.என்.எஸ். என்ற கட்டம் இருக்கும். அதில் பழைய லைன்காரரின் எண் ஒன்று உட்கார்ந்திருந்தது. வார ஆரம்பத்தில் வேறு நிறுவனத்தின் லைனுக்கு மாறியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. இத்தகைய நிறுவனங்களின் பெயர்ச் சேவையகங்கள் பல, தம் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். வெளியார் கேட்டால் மௌனம்தான். அந்த எண்ணை அழித்து, 'தானியங்கி' என்பதைப் போட்டு, இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தோம். பக்கம் திறந்தது. இரவு ஒன்பதரைக்குப் படிவம் ஏறிற்று. நமக்கு ஒரு ஏலக்காய் டீ கிடைத்தது.

தானியங்கி முறை காலைவாரினால் அதே கட்டத்தில் 8.8.8.8 (கூகுள், 2009 முதல்) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர், 2018 முதல்) என்ற பொதுச் சேவையக எண்களைப் போட்டுக்கொள்ளலாம். சிலர் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்ற எண்ணைப் பார்த்து மிரள்வார்கள். அது வைரஸ் அல்ல. கணினிக்குள்ளேயே இருக்கும் குமாஸ்தா, அவ்வளவுதான். குமாஸ்தா யாரிடம் கேட்டுச் சொல்கிறார் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை காட்டிவிடும். பக்கம் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடி போலத் திணறினால், வரிசையில் முதலில் உள்ள சேவையகம் செத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காவிட்டால் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பைப் பார்க்க வேண்டும். கணினி முதலில் படிப்பது அதைத்தான். பில் மென்பொருள் போட்டவர் எப்போதோ எழுதிவைத்த பழைய எண் அதில் கிடக்கலாம். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போய்விட்ட பெட்டியிலும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. அது டி.என்.எஸ். குற்றமல்ல, நாற்பது ஐம்பது ரூபாய் பேட்டரியின் குற்றம்.

நம் கடையில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சிக்கல் வரலாம். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி பக்கம் இருந்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் சோகோ நிறுவனத்துக்கே அது நேர்ந்தது. 2018 செப்டம்பர் 24 அன்று, ஏமாற்று மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி, அதன் பெயரைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கியது. கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன, கணக்குகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல ஆளில்லை. நிறுவனத் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்கும்படி ஆயிற்று. முடக்கம் நீங்கிய பிறகும் சிலருக்கு உடனே திறந்தது, சிலருக்குத் தாமதமானது. ஒவ்வொரு பெயர்ச் சேவையகமும் தான் கேட்ட பதிலைச் சில நேரம் நினைவில் வைத்திருக்கும். அது காலாவதியான பிறகே மறுபடி கேட்கும். சொந்தமாக இணையப் பெயர் வைத்திருக்கும் உறுப்பினர்கள், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும் தேதி எது என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தளம் செய்து கொடுத்த பையனின் பெயரிலும் அவன் மின்னஞ்சலிலும் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் எண்ணை டி.என்.எஸ். கட்டத்தில் போடாதீர்கள். 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற நச்சு நிரல், நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கணினிகளில் அந்த எண்ணை மாற்றி, மக்களைத் தன் விருப்பப்படி வேறு பக்கங்களுக்கு இழுத்துப் போயிற்று. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. பாதிக்கப்பட்டோருக்காக ஓட்டிய தற்காலிகச் சேவையகங்களை 2012 ஜூலை 9இல் நிறுத்தியபோது, அதுவரை கவனிக்காமல் இருந்தவர்களுக்கு இணையமே நின்றது. லினக்ஸ் வைத்திருப்பவர்களும், வைஃபை பெட்டியின் கடவுச்சொல் வாங்கிய நாளில் இருந்ததே இன்னும் இருந்தால், அதை மாற்றிவிடுவது நல்லது. பெட்டிக்குள் எண்ணை மாற்றிவிட்டால் கடையில் உள்ள கணினி, செல்போன் அத்தனையும் சேர்ந்தே வழி மாறும்.

அஸ்தினாபுரம் உறுப்பினர் இப்போது கல்லாவுக்கு மேலே, எடைத்தராசு முத்திரைச் சான்றுக்குப் பக்கத்தில், ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறார்: முதலில் எண்ணுக்கு 'பிங்', அப்புறம் பெயருக்கு 'பிங்', அப்புறம் லைன்காரருக்குப் போன்.