சோற்று நாடும் சுருங்கிய இரைப்பையும்

காவிரி பாயும் நம் தஞ்சை நாட்டிலே ஒருவரையொருவர் கண்டவுடன் "சாப்பாடு ஆயிற்றா?" என்று வினவுதல் வழக்கம். அவ்வினாவிற் சாப்பாடு என்பது சோற்றையே குறிக்கும். இட்டலி நான்கு உண்டவனும், "இன்னும் சாப்பிடவில்லை, பலகாரந்தான் ஆயிற்று" என்றே விடை கூறுவான். இத்தகைய நாட்டிலே, உடற்பருமன் நீங்கும்பொருட்டு இரைப்பையை அறுவை மருத்துவத்தாற் சுருக்கிக்கொண்ட ஒருவர், நாடோறும் எதனை உண்பது, சோர்வின்றி நடமாடுவது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு விளக்கப் புகுந்த பொருள். மருத்துவர் கூறுவதை நோயாளர் கேட்டுவந்தாலும், உலை வைப்பவரும் பரிமாறுபவரும் அறியாராயின் பயன் குறைவேயாதலின், இதனை வீட்டாரை முன்னிட்டே எழுதுகின்றோம்.

பருத்த உடல் செல்வர்க்கே உரியதென எண்ணிய காலம் கழிந்தது. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மகளிருள் 40.4 விழுக்காட்டினரும், ஆடவருள் 37 விழுக்காட்டினரும் மிகை எடையுடையவர். நடவும் அறுவடையும் பொறிகளின் கைக்குச் சென்றன. இலையிற் குவியும் சோறோ பண்டைய உழைப்பிற்கேற்ற அளவிலேயே பல வீடுகளில் நின்றுவிட்டது. எடை மிகமிகுந்து நீரிழிவு முதலியனவும் சேர்ந்து, பிற வழிகள் பயன்படாதவிடத்தே இவ்வறுவையை மருத்துவர் கருதுவர்.

அமெரிக்க நாட்டு அயோவாவில் எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டு செய்த சிகிச்சையே இன்றைய மாற்றுவழி அறுவைக்கு முன்னோடி. இப்பொழுது பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் ஐந்திலே ஏறத்தாழ நான்கு பங்கை நீக்கி, எஞ்சியதைக் குழல்போல் ஆக்குவர். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையொன்றை வகுத்து, அதனைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைப்பர். இவ்விரண்டன் வேறுபாட்டை நம் நாட்டார்க்கு விளக்குதல் எளிது. இரைப்பை ஏரியெனின் அதன் கீழ்வாய் மதகாகும். உணவைச் சிறிது சிறிதாகவே அது குடலுக்குள் விடும். குழல் அறுவையில் ஏரி சிறிதாயிற்று, மதகு நிற்கின்றது. மாற்றுவழி அறுவையில், நீர் மதகின் வழிச் செல்லாது வேறு கால்வாயிற் பாய்கின்றது. பின்னர் வரும் பல துன்பங்களுக்கும் காரணம் இதனுள்ளேயே அடங்கியிருத்தலை வாசிப்போர் காண்பர்.

அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் நீர்ம உணவும், அதன்பின் மசித்ததும், பின்னர் மென்மையானதும் உண்டு, ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவை அடைவர். இம்முறையை அவரவர் மருத்துவரே வகுப்பர். முதற்றிங்களிற் பலர்க்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரியும் உட்செல்வதில்லை. அக்குறையை உடல் தன் கொழுப்பை எரித்து நிரப்பிக்கொள்ளும். அதுவே வேண்டிய பயன். ஆயினும் புரதம் போதாதவிடத்துக் கொழுப்போடு தசையும் கரையும். எடை குறையக் குறைய மாடிப்படி ஏறவும் இயலாமற் கால்கள் தளர்கின்றன என்று சிலர் வருந்துதற்கு இஃதொரு முதற்காரணம்.

நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் வேண்டுமென்பர். வெந்த சோறு 100 கிராமில் உள்ள புரதம் ஏறத்தாழ இரண்டரை கிராமே. 60 கிராமைச் சோற்றாலேயே அடைய விரும்புவோர் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட சோற்றை உண்ணல்வேண்டும்! சில கரண்டிக்கே இடமுள்ள வயிற்றில் இது நடவாத செயல். இனி வேறு வகையாற் கூட்டிப் பார்ப்போம். முட்டை இரண்டில் 12, மீன் நூறு கிராமில் 18, பாசிப்பயறு ஐம்பது கிராமில் 12, பால் ஒரு குவளையில் 6, தயிர் ஒரு கிண்ணத்தில் 6, பொட்டுக்கடலை மாவு முப்பது கிராமில் 6. ஆக 60 கிராம். புலால் உண்ணாதார் முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகப் பன்னீரையும் பருப்பையும் பாலையும் பெருக்கிக்கொள்ளலாம். இவையனைத்தும் ஒரே வேளையில் அன்று. ஐந்தாறு வேளையாகப் பகுத்துண்ண வேண்டியவை.

சம்பா அறுவடையை ஒட்டி, வயலின் ஈரங்காயுமுன்னே உளுந்தும் பயறும் விதைத்தல் நம் கழனிகளின் பழைய முறை. நெல்லும் பருப்பும் ஒரே வயலில் விளைந்தும், இலையில் மட்டும் நெல்லுக்கே தலைமையைக் கொடுத்துவிட்டோம். குழம்புக்கொரு சோறு, இரசத்திற்கொரு சோறு, மோருக்கொரு சோறு என மும்முறை சோறிட்டுக்கொண்டு, பிறவற்றையெல்லாம் தொடுகறி என்றழைக்கின்றோம். அறுவை செய்துகொண்டவர்க்கு இவ்வரிசை தலைகீழாதல் வேண்டும். பருப்போ மீனோ முட்டையோ முதலில், காய்கறி அடுத்து, இடமிருப்பின் ஈற்றிலே இரண்டு கரண்டிச் சோறு. தொடுகறி உணவாக, சோறே தொடுகறியாகும். குழைந்த சோறு திரண்டு அடைத்துக்கொண்டாற்போல் நெஞ்சை அழுத்துகின்றது என்று பலர் கூறுதலின், தொடக்கத்தில் அதனை மிகுதியும் தவிர்த்தல் நன்று. மென்று விழுங்குதலில் விரைவு கூடாது. வயிறு நிறைந்த குறிப்புத் தோன்றியவுடன் கையெடுத்தல் வேண்டும். "இன்னும் ஒரு கை" என்னும் நம் உபசாரம் அன்னார்க்கு வாந்தியாகவே முடியும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று, உணவின் அளவைப் பற்றியதே என்பது தமிழ் பயில்வோர் அறிந்தது.

உணவோடு நீரருந்துதல் ஆகாது. உண்டு அரைமணி கழித்தே பருகல் வேண்டும். அதன்பொருட்டு நாள்முழுதும் நீரைக் குறைத்துவிடுவாரும் உளர். சித்திரை வெயிலில் அவர் படும் தலைசுற்றலைப் பசிமயக்கமென்று பிறர் எண்ணுவர். செம்பை அண்ணாந்து மடமடவென ஊற்றிக்கொள்ளுதல் இனி இயலாது. வெந்நீர், நீர்மோர், வடித்த நீராகாரம் என மிடறு மிடறாக, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரேனும் சேரவேண்டும். கழனி வேலைக்குச் செல்வோர் நீர்க்கலத்தை உடன்கொண்டு செல்க.

இனி இனிப்பைப் பற்றி. திருவையாற்று அசோகா அல்வாவும் பாசிப்பருப்பாற் செய்வதே. ஆகவே பருப்பு நல்லதெனில் அதுவும் நல்லதன்றோ என்று ஒருவர் வாதிக்கக் கூடும். அதிலுள்ள சர்க்கரையே இடையூறு. மதகைக் கடவாமற் குடலுக்குட் பாயும் சர்க்கரை, அரைமணிக்குள்ளே வயிற்றுவலியும் வியர்வையும் படபடப்பும் விளைக்கும். சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி கழித்து, இன்சுலின் மிகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கும். அப்பொழுது மீண்டும் இனிப்பையே நாடுவர். அது மீண்டும் அதே துன்பத்தைத் தரும். மாற்றுவழி அறுவையில் இது மிகுதி.

யாம் சற்று விரித்துக் கூற விரும்புவது தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைப் பற்றியது. தீட்டிய அரிசியையே உண்பார்க்குக் கால்கள் மரத்து, இதயம் தளரும் பெரிபெரி நோய் வருதலின் காரணத்தை, சாவகத்தீவிலே கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த கிறிஸ்தியான் எய்க்மான் 1929-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் நீலகிரிக் குன்னூரிலும் இராபர்ட்டு மெக்காரிசன் இந்நோயை ஆராய்ந்தார். பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் பரவியிருந்தபொழுது, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அருகியே காணப்பட்டது. என்னை? நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், உமியடுத்த தவிட்டிலுள்ள பி1 அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது. நெல்லவித்த நம் பாட்டிமார், பெயரறியாமலே ஒரு பெருநோயைத் தடுத்து வந்தனர்.

ஆனால் இரண்டு கரண்டிச் சோறுண்பவர்க்கு அப்புழுங்கல் துணைசெய்யாது. உடலிலுள்ள பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரத்திற்கே போதுவது. அறுவைக்குப்பின் தொடர்ந்து வாந்தியெடுப்பார்க்கு அது விரைவில் ஒழிந்து, பார்வை இரட்டித்தல், நடை தள்ளாடல், மனங்குழம்பல் ஆகியவை தோன்றும். பிந்தின் மூளைக்கு நிலையான கேடாம். இத்தகையார்க்குப் பி1 கொடாமல் குளுக்கோசு மட்டும் ஏற்றுதல் நோயை மிகுவிக்கும். "உடம்பு அசதியாயிருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்பது நம்மூர் வழக்கமாதலின், அறுவை நிகழ்ந்ததை எந்த மருத்துவரிடத்தும் முதற்சொல்லாகவே கூறவேண்டும்.

பி12 குறைபாடோ, கல்லீரற் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தலின், காலந்தாழ்ந்தே வெளிப்படும். இரும்புச்சத்து பெரிதும் சிறுகுடலின் முதற்பகுதியில் ஏற்கப்படுவது. மாற்றுவழியில் அப்பகுதி விலக்கப்படுதலின், சோகை தோன்றி மூச்சு வாங்கும். மாதவிலக்குடைய மகளிர்க்கு இது மிகுதி. கும்பகோணத்துக் காப்பி எத்துணைச் சிறந்ததாயினும், இரும்பு மாத்திரையோடு அதனைப் பருகின் மாத்திரை வீணே. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் இரண்டு மணி இடைவிட்டு உட்கொள்ள வேண்டும். முருங்கைக்கீரை நல்லதே, மாத்திரைக்கு அது ஈடாகாது.

சோர்வுக்கு இன்னுமொரு காரணம் பலர் நினைவில் வருவதில்லை. எடை குறையுங்கால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தாமே தாழும். பழைய மாத்திரைகளையோ பழைய அளவிலேயே விழுங்கி வருவர். எழுந்தவுடன் கண் இருளுமாயின் மருத்துவரைக் கண்டு அளவைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுதலும் தவறு. மூன்று முதல் ஆறு திங்களில் தலைமயிர் உதிர்தல் பெரும்பாலும் தானே நிற்பது. கருவுறுதலை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை தள்ளிவைக்கச் சொல்வர்.

நடத்தலை முதல்நாளிலிருந்தே தொடங்கலாம். நெல்மூட்டை முதலிய கனத்த சுமைகளை ஆறு வாரமேனும் தொடலாகாது. பின்னர்த் தசையை வளர்க்கும் பயிற்சியும் வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் நேர்ந்துகொண்டவர், நெடுந்தொலைவைப் பட்டினியோடு கடக்க முயலாமல், அவித்த பயறும் நீரும் கையில் வைத்துக்கொண்டு இடையிடையே தங்கிச் செல்லல் தகும். இரத்தச் சோதனைகள் முதலாண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாந் திங்களிலும், அதன்பின் ஆண்டுக்கொருமுறை வாழ்நாள் முழுதும் செய்யவேண்டியன. உடல் நன்றாகத்தானே இருக்கின்றது என்று மூன்றாம் ஆண்டிலே அவற்றை விட்டுவிடுவோர்க்கே பி12 குறைபாடு அறியாமல் வந்து சேர்கின்றது.