கஷ்டத்தில் வளர்ந்தால் தன்மோகம் வருமா?

"சின்ன வயசுல கஷ்டப்பட்டவன், அதான் இப்போ இப்படி அலட்டிக்கிறான்." ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதிதான் உண்மை.

நார்சிசிசம் எனப்படும் தன்மோக ஆளுமை வெறும் தற்பெருமை இல்லை. தான் மட்டுமே உயர்ந்தவர் என்ற எண்ணம், ஓயாத பாராட்டுத் தேவை, பிறர் வலியை உணராமை ஆகியவை நிலைத்துவிட்ட குணம் அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இதைக் கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. இன்றைய கையேட்டின்படி ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்.

இதில் இரண்டு முகம் உண்டு. ஒன்று மார்தட்டும் முகம். மற்றது உள்ளுக்குள் கூனிக்குறுகி, சின்ன விமர்சனத்துக்கே சுருண்டுபோகும் முகம். குழந்தைப் பருவத்து அடி, ஏளனம், புறக்கணிப்பு ஆகியவற்றோடு ஆய்வுகளில் அதிகம் தொடர்புபடுவது இந்த இரண்டாவது முகம்தான்.

வறுமையும் இழிவுபடுத்தலும் ஒன்றல்ல. பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் அம்மா அப்பா பெரட்டுக்குப் போய்விடுவார்கள், பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பணக்கஷ்டம் மட்டுமே தன்மோகத்தை உண்டாக்கும் என்றால் லயத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையே அப்படி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையே! பாட்டியோ பக்கத்து வீட்டு அத்தையோ பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். மனப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: தன்னைக் கண்டு மகிழும் கண்கள் கிடைக்காத பிள்ளை, வளர்ந்த பிறகும் அவற்றைத் தேடி அலையும்.

மார்தட்டும் முகத்தின் கதை வேறு. 2015-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு, 7 முதல் 11 வயதுக்குட்பட்ட 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. "எங்க பிள்ளை மத்தவங்களைவிட ஒசத்தி" என்று பெற்றோர் தூக்கிவைத்த பிள்ளைகளிடம் தன்மோகம் கூடியது. பெற்றோரின் அன்பை உணர்ந்தவர்களிடம் கூடியது தன்மதிப்பு.

நம் பக்கத்தில் கவலை தருவது இரண்டும் கலப்பதுதான். யூ.பி.எஸ்.ஆர். காலத்தில் 7ஏ வாங்கியவனைத் தோளில் தூக்கினோம். ஒரு ஏ குறைந்தால் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2021-இல் அந்தத் தேர்வு போனது, பழக்கம் எஸ்.பி.எம். பக்கம் நகர்ந்துவிட்டது. "நீ மட்டும்தான்டா கெட்டிக்காரன்" என்பதைவிட "இந்தக் கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்திருக்கே" என்று சொல்லிப் பார்க்கலாம். அலட்டுகிற மாணவனுக்கு இந்த நோயின் பெயரைச் சூட்டுவது நம் வேலை இல்லை. பதின்ம வயதில் கொஞ்சம் அலட்டல் இயல்பு.

தேர்வு எழுதுவோருக்கு ஒரு குறிப்பு: "குழந்தைப் பருவத் துன்பம் தன்மோகத்துக்குக் காரணம்" என்று எழுதாதீர்கள். "தொடர்புடையது" என்று எழுதி, எந்த வகைத் துன்பம், எந்த முகம் என்று பிரித்துக் காட்டுங்கள்.