டயருக்கு நைட்ரஜன் தேவையா?



நம்ம அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. எங்கள் வீட்டிலும் தறிதான். என் மாமா மட்டும் வாடகைக் கார் ஓட்டுகிறார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று யார் கூப்பிட்டாலும் போவார். அந்தக் காரின் டயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘டயருக்கெல்லாம் ஒரு கட்டுரையா?’ என்று போய்விடாதீர்கள். முழுசாகப் படியுங்கள்.

நடந்தது என்ன?

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். மாமா எப்போதும் டயருக்கு நைட்ரஜன்தான் அடிப்பார். ஒரு சக்கரத்துக்கு 20 ரூபாய், நாலுக்கு 80 ரூபாய். அடையாளத்துக்கு வால்வில் பச்சை மூடி போட்டிருக்கும். நகரியில் டீ குடிக்க நிறுத்தியபோது பின் டயர் ஒன்று கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. எதிரிலேயே காத்து அடிக்கிற இடம் இருந்தது.

“மாமா, காத்து அடிச்சிட்டுப் போலாமா?” என்று கேட்டேன்.

“அது நைட்ரஜன்டா. சாதா காத்தைக் கலக்கக் கூடாது. திருப்பதில பாத்துக்கலாம்” என்றார்.

புத்தூர் தாண்டியதும் பின்னால் ‘டப டப’ என்று சத்தம். வண்டி ஆட ஆரம்பித்தது. மாமா பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து மெல்ல ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டுப் பகுதி கிழிந்து தொங்குகிறது. நடுவில் ஒரு சின்ன ஆணி குத்தியிருந்தது. பாட்டி திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்து, “முருகா, நீதாம்பா காப்பாத்தின” என்று கும்பிட்டார். ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். புது டயருக்கு மாமாவின் ஒரு வார வருமானம் போனது.

சாதா காற்றைக் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காற்றே நைட்ரஜன்தான்!

நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். மீதி ஆர்கான் முதலியவை. நைட்ரஜன் மெஷின் வேறு எங்கிருந்தோ வாயுவைக் கொண்டு வருவதில்லை. இதே காற்றை இழுத்து, ஆக்சிஜனில் பெரும்பகுதியையும் ஈரத்தையும் பிரித்துவிட்டு மீதியை டயருக்கு அனுப்புகிறது. ஆகவே இரண்டையும் கலந்தால் எந்த ஆபத்தும் இல்லை.

இன்னொன்று. காத்து இறங்கிய டயருக்குள்ளும் வெளிக்காற்றின் அழுத்தத்தில், அதாவது சுமார் 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று இருக்கத்தான் செய்யும். அதன்மேல் 32 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் அடித்தால், உள்ளே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழைய காற்றே!

அப்படியானால் நன்மையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். ரப்பர் வழியாக ஆக்சிஜன் சீக்கிரம் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை 31 மாடல் டயர்களை 2006 செப்டம்பர் முதல் ஓராண்டு சோதித்தது. எல்லாவற்றிலும் 30 பி.எஸ்.ஐ. நிரப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், சாதா காற்று சராசரியாக 3.5 இறங்கியிருந்தது, நைட்ரஜன் 2.2 இறங்கியிருந்தது. வித்தியாசம் ஒரு வருஷத்துக்கு 1.3தான்! முக்கியமாக, நைட்ரஜனும் இறங்கத்தான் செய்தது.

‘நைட்ரஜன் சூட்டில் ஏறாது’ என்கிறார்களே? அதுவும் சரியில்லை. வெப்பநிலை உயர்ந்தால் எந்த வாயுவின் அழுத்தமும் உயரும். டயர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் 32 என்பது சுமார் 36, 37 ஆகும். நைட்ரஜனுக்கும் இதே கணக்குதான். டயருக்குள் தண்ணீர் போயிருந்தால் மட்டும் அது ஆவியாகி இன்னும் கூட்டும்.

விமானத்துக்கு மட்டும் ஏன்?

விமானம் இறங்கிப் பிரேக் போடும்போது சக்கரம் பயங்கரமாகச் சூடாகும். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விமானம் விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் அதிகமாகச் சூடாகி, நைட்ரஜனுக்குப் பதில் காற்று அடைத்திருந்த டயர் வெடித்ததே காரணம். அவ்வளவு சூட்டில் ஆக்சிஜன் இருப்பது ஆபத்து. நம் ஊர்க் கார் டயர் அந்தச் சூட்டைத் தொடுவதில்லை.

நம் நாட்டிலும் இது நாடாளுமன்றம் வரை போன விஷயம்தான். டயர்களில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்க யோசிப்பதாக 2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் சொன்னார்.

உண்மையான எதிரி

காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடாகும். திருத்தணிப் பக்கம் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கூடவே பாரமும் வேகமும் சேர்ந்தால் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் விட்டுப்போகும். எங்களுக்கு நடந்தது இதுதான். நகரியிலேயே சாதா காத்து அடிக்கப் போயிருந்தால், ஆணியும் கண்ணில் பட்டிருக்கும், டயரும் பிழைத்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. 15 நாளுக்கு ஒரு முறையும், தூரப் பயணத்துக்கு முன்னும் பிரஷர் பாருங்கள்.
2. வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது பாருங்கள்.
3. எவ்வளவு காத்து என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும்.
4. ஒரு டயர் மட்டும் அடிக்கடி இறங்கினால் பஞ்சர் கடைக்குப் போங்கள்.
5. நைட்ரஜன் கிடைக்காத இடத்தில் தைரியமாகச் சாதா காத்து அடியுங்கள்.

இப்போது மாமா நைட்ரஜனை விட்டுவிட்டார். மிச்சமான பணத்தில் ஒரு கேஜ் வாங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குச் சூடம் காட்டுவதற்கு முன்னால் நாலு டயரையும் ஸ்டெப்னியையும் பார்க்கிறார். ரீடிங் எழுதும் வேலை எனக்கு!

உங்கள் வீட்டு வண்டிக்குக் கடைசியாக எப்போது காத்து பார்த்தார்கள்? இன்று சாயங்காலமே கேளுங்கள் நண்பர்களே.



– மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவன்